பேர் வெட்டிய அண்டா

எங்கள் பக்கத்தில் எவர்சில்வர் பாத்திரத்தைப் பேர் வெட்டாமல் யாரும் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். கல்யாணம், காதுகுத்து, புதுவீட்டுப் பால்காய்ப்பு, எதுவானாலும் கடையில் பாத்திரத்தை எடுத்ததும் அடுத்த வேலை பேர் வெட்டுவதுதான். கடைக்காரர் சின்ன மிஷினைக் கிர்ரென்று ஓட்டிக் குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாக எழுதித் தருவார். கொடுத்தவர் பேர், அவர் ஊர், இடம் இருந்தால் என்ன விசேஷம் என்பதும். கொடுத்தவர் செத்துப் போயிருக்கலாம். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பேச்சுவார்த்தை நின்று போயிருக்கலாம். பேர் மட்டும் அடுப்படியில் உட்கார்ந்திருக்கும். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். படித்த அந்தக் கொஞ்சமும் மறந்து போகாததற்குப் பாத்திரம் விளக்கியதே காரணம் என்று நினைக்கிறேன். விளக்க விளக்க எழுத்து கண்ணில் படுமல்லவா?

மதுரை ரோட்டில் ஒரு நூல் மில்லில் கழிவுப் பஞ்சு பிரிக்கும் அறையில் எனக்கு வேலை. மிஷின் தள்ளிவிட்ட பஞ்சில் தூசி, குச்சி, நூல்துண்டு எல்லாம் பொறுக்கிப் போட்டு நல்லதைத் தனியாக்க வேண்டும். பெண்பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து செய்கிற வேலை. மற்ற இடங்களில் மிஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. எங்கள் அறையில் கேட்கும். அதனால் மில்லில் எந்தப் பேச்சும் எங்கள் அறையில்தான் பிறக்கும், அங்கேதான் முடியும். அந்த அறையில் எனக்குத்தான் வயது அதிகம். நான் ஒன்று சொன்னால் பெண்கள் கேட்பார்கள். என் வீட்டுக்காரர் போன பிறகு ஒருவர் வாசலிலும் போய் நிற்காமல் மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள் என்கிற மரியாதை அது. கேட்டு வாங்கியதல்ல.

ஒரு மழைக்காலத்தில் மில்லின் மனிதவள அதிகாரி எங்கள் அறைக்கு வந்தார். இளவயது. ஹெச்.ஆர். சார் என்று எல்லோரும் சொல்வார்கள், நான் தம்பி என்பேன். நூல் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் மில் ஏதாவது நல்ல காரியம் செய்கிறதா என்று கேட்கிறார்களாம். அதனால் ஊருக்கு வெளியே இருக்கும் இலங்கை அகதிகள் முகாமுக்கும், பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ரோட்டோரம் படுத்துக் கிடப்பவர்களுக்கும் தொழிலாளர்கள் கையால் உதவி சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றார்.

"நீங்க சொன்னாத்தாம்மா லேடீஸ் கேப்பாங்க. பழைய துணி, போர்வை, அம்புட்டுத்தான். நீங்களே முன்ன நின்னு செய்யுங்க."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஏன் இருக்கக் கூடாது?

"அவுகளுக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா தம்பி?" என்றேன்.

"இல்லாதவங்கதானம்மா. எதுன்னாலும் வாங்கிக்குவாங்க."

"கேக்காமக் கொண்டுபோயிக் கொட்டுறதுக்குப் பேரு குப்பை தம்பி. நான் போயிக் கேட்டுட்டு வாரேன்."

வார விடுமுறையில் டவுன் பஸ் ஏறி முகாமுக்குப் போனேன். அதுவரை அதை ரோட்டிலிருந்து பார்த்ததோடு சரி. வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், நடுவில் குழாயடி, வாசலில் ஒரு கேட். குழாயடியில் நின்ற ஒரு பெண்ணிடம் விசாரித்தேன். நாற்பது வயது தாண்டியிருக்கும். கைக்குழந்தையாக இருக்கும்போது படகில் கொண்டுவந்தார்களாம். பிறந்த ஊர் அவளுக்குத் தெரியாது, பேச்சு மட்டும் அவள் அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. புருஷன் பெயிண்ட் அடிக்கிறவன். முகாம் ஆண்களில் பாதிப் பேருக்கு அந்தத் தொழில்தான். மகன் காலேஜில் படிக்கிறான் என்று சொல்லும்போது அவள் குரல் ஒரு படி ஏறியது.

என்ன வேண்டும் என்று நான் கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள்.

"உடுப்பு மட்டும் கொண்டு வராதீங்கோ அம்மா. வாறவை எல்லாரும் உடுப்புத்தான். இஞ்ச வந்து பாருங்கோ."

வீட்டு மூலையில் மூன்று சாக்கு நிறையப் பழந்துணி. மேலே பாய் விரித்துக் கட்டிலாக்கியிருந்தார்கள். "எங்கட கட்டில்," என்றாள். பின்பக்கம் கூட்டிப் போய்க் காட்டினாள். மழையில் அந்த வரிசைக்கே பின்சுவர் இடிந்து அடுப்படிகள் மேல் விழுந்திருந்தது. நசுங்கிய சட்டிகள் ஒரு குவியலாகக் கிடந்தன.

"சமைக்கச் சாமான் இல்லை அம்மா. அரிசி இருக்கு. ஒரு வீட்டுப் பானையில ஆக்கி, கழுவி, அடுத்த வீட்டுக்குக் குடுக்கிறம்."

திரும்பி வந்து இதை என் அறையில் சொன்னேன். கைகள் பஞ்சைப் பிரித்துக்கொண்டே இருக்க, பேச்சு சூடு பிடித்தது.

"பாத்திரமாக்கா? எங்க வீட்டு மேல் சிலாப்புல ஏறிப் பாத்தா கடைக்காரன் தோத்துப் போவான்."

"ஒன் நாத்தனா குடுத்த தூக்குவாளிய மொதல்ல எடு. மூடி சேரல மூடி சேரலன்னு வருசக்கணக்காப் பொலம்புற."

"எனக்குச் சேராத மூடி அகதிக்கு மட்டும் சேருமாக்கும்?"

"அவுகளாச்சும் ஒன்னிய மாதிரி தட்டிச் சப்பையாக்காம மூடுவாக."

சிரிப்பு அடங்கிய பிறகு ஒருத்தி கேட்டாள், "பேரு வெட்டியிருக்கே, அதோடவா குடுக்குறது?" இருக்கட்டுமே, யாரு வீட்டுப் பாத்திரம்னு தெரியட்டுமே என்று நாலு குரல் ஒரே நேரத்தில் வந்தது. நானும் அதைத்தான் சொன்னேன். எங்களுக்கு அதில் யோசிக்க எதுவும் இல்லை. யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று எழுதி வைக்க வேண்டாமா என்று ஹெச்.ஆர். தம்பி கேட்டபோதும், "பேருதான் பாத்திரத்துலயே இருக்கே சார், எதுக்கு ரெண்டு தடவ எழுதணும்?" என்று பெண்கள் அவரைக் கேலி செய்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து பாத்திரம் வர ஆரம்பித்தது. முதலில் வந்ததெல்லாம் டம்ளர், கரண்டி, சின்னச் சம்படம். பிறகு ஒருத்தி குடம் கொண்டுவந்தாள். உடனே மற்றவளுக்குப் பொறுக்கவில்லை, மறுநாள் அவள் கையில் குடமும் தாம்பாளமும். கொடுப்பது ஒரு போட்டியாகிப் போனது. நான் புதுவீடு கட்டியபோது என் பேரையே வெட்டி எனக்கே வாங்கிக்கொண்ட குடம் ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தேன். புருஷன் பேர் இல்லாமல் பொம்பளை பேரா என்று அன்றைக்குக் கடைக்காரர் கேட்டார். ஆமாம், என் சம்பாத்தியம் என்றேன்.

வட்டத்தில் எனக்கு வலப்பக்கம் உட்காருகிறவள் சின்னாளப்பட்டிக்காரி. அந்த ஊரில் பிறந்து இங்கே நாகல் நகரில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் அறையில் அவளை ஊர் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். மாமியார் கையில்தான் குடித்தனம். உப்பு, புளி வாங்கக்கூட மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டும். அவளைப் பார்த்து ஒருத்தி, "நீ என்னத்தக் குடுக்கப் போற? ஒங்க மாமியா எண்ணி வச்ச கரண்டியவா?" என்று கேட்டுவிட்டாள். அறையே சிரித்தது. சின்னாளப்பட்டிக்காரி மறுநாள் ஆட்டோவில் ஒரு அண்டாவோடு வந்து இறங்கினாள்.

அரை மூட்டை அரிசி ஊறப் போடலாம், அவ்வளவு பெரியது. கழுத்தைச் சுற்றி எழுத்து ஓடியது. அவள் மாமியாருடைய அண்ணன் பேர், அவர் ஊர், காதணி விழா.

"ஏத்தா, இது ஒங்க அத்தை பொறந்த வீட்டுச் சீரு இல்ல? அவுகளுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அது என் மகனுக்கு வந்த சீருதானக்கா. எனக்கு உரிமை இல்லையா? சிலாப்புல தூசி தின்னுக்கிட்டுக் கெடக்கு."

அவள் கையாலேயே தூக்கி என்னிடம் கொடுத்தாள். நானும் இன்னொருத்தியும் ஆளுக்கொரு காது பிடித்து உள்ளே வைத்தோம். அறை முழுக்கப் பார்த்தது.

கொடுக்கும் நாளில் மில் வேன் முன்னால் பெரிய பேனர் கட்டினார்கள். முதலில் பஸ் ஸ்டாண்டு. நிர்வாகம் வாங்கிய போர்வைகளை ரோட்டோரத்து ஆட்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு கிழவருக்குக் கொடுத்தபோது போட்டோ சரியாக விழவில்லை என்று போர்வையைத் திரும்ப வாங்கி மறுபடி கொடுத்தார்கள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, "இத நான் எங்க வக்கிறது சாமி? காலைல கடை தெறந்தா எம் மூட்டையவே தூக்கி எறியிறாக" என்றார். அதற்குள் வேனில் ஏறச் சொல்லிவிட்டார்கள்.

முகாமில் பாத்திரங்களைக் குலுக்கல் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். யாருக்கு எது என்று சண்டை வராமல் இருக்க அவர்களே செய்த ஏற்பாடு. அண்டா நான் முதலில் பேசிய அந்தப் பெண்ணுக்கு விழுந்தது. அவள் அதைச் சுற்றி வந்து பார்த்தாள். வாசலில் நுழையுமா என்று பார்த்தாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அம்மா, குறை நினைக்காதீங்கோ. இது என்ர அடுப்பில ஏறாது. இதைக் கடையில குடுத்து ரெண்டு சின்னப் பானையா மாத்தலாமோ?"

"ஒனக்குக் குடுத்தாச்சு, ஒம் பொருள். மாத்திக்க. நாகல் நகர்ல நல்ல கடை இருக்கு" என்று நான்தான் வழியும் சொல்லி, என் போன் நம்பரும் கொடுத்தேன்.

அடுத்த வாரம், விடுமுறை நாள். மதியச் சோறு சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் வந்தது. முகாம்காரப் பெண்தான். அழவில்லை, ஆனால் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "அம்மா, பாத்திரக் கடையில மறிச்சு வச்சிருக்கினம். களவு எண்டு சொல்லினம். நீங்கள் ஒருக்கா வந்து சொல்லுங்கோ. பின்னேரம் முகாமில ஆள் கணக்கெடுக்கப் பேர் கூப்பிடுவாங்கள், அதுக்குள்ள நான் நிக்கோணும்."

ஆட்டோ பிடித்துப் போனேன். போகும்போது எனக்குப் பயம் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். கோபம்தான் இருந்தது. நான் போய் நின்று, நான் கொடுத்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது என்று நினைத்தேன். இந்த ஊரில் இத்தனை காலம் பொய் பேசாமல் இருந்திருக்கிறேன். என் வாய்ச்சொல்லுக்கு அவ்வளவாவது பெறுமானம் இருக்கும் என்றிருந்தேன்.

நடந்தது இதுதான். அவள் அண்டாவை இறக்கி வைத்ததும் கடைக்காரர் கழுத்து எழுத்தைப் படித்திருக்கிறார். அவரே வெட்டிய எழுத்து. சீர் போன மாமியார் வீடு கடைக்கு இரண்டு தெரு தள்ளித்தான். சீர் அண்டாவை யாரும் விற்க மாட்டார்களே என்று மாமியாருக்குப் போன் போட்டுவிட்டார். மாமியார் சிலாப்பைப் பார்த்திருக்கிறாள். அண்டா இல்லை.

நான் போனபோது கடை முன்னால் கூட்டம். முகாம்காரப் பெண் ஒரு முக்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தாள். மாமியார் அண்டாவின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் பின்னால் சின்னாளப்பட்டிக்காரி. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவரும் வண்டியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

"இது களவு இல்ல. மில்லுல தருமத்துக்குச் சேத்தோம். ஒங்க மருமகதான் எங் கையில குடுத்தா. நான் வாங்கி, இந்தப் பொண்ணுக்குக் குடுத்தேன்" என்றேன்.

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கண்ணன் மேளதாளத்தோட கொண்டாந்த சீரு. அதத் தருமத்துக்குக் குடுக்க எங்க வீட்டுல யாருக்கும் கிறுக்கு பிடிக்கல." பிறகு திரும்பாமலேயே கேட்டாள், "ஏண்டி, குடுத்தியா?"

கடையில் மிஷின்கூட நின்றிருந்தது. சின்னாளப்பட்டிக்காரி தரையைப் பார்த்தபடி சொன்னாள், "இல்லத்தே. நான் ஒரு தூக்குவாளிதான் குடுத்தேன்."

"என்னத்தா சொல்ற? எம் மொகத்தப் பாத்துச் சொல்லு" என்றேன்.

அவள் பார்க்கவில்லை. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. "தீவாளிக்கு முன்னாடி வீட்டுக்குப் பெயிண்டு அடிக்க வந்தாங்கள்லத்தே? முகாம் ஆளுகதான. அப்பப் போயிருக்கும்" என்றாள்.

முக்காலியில் இருந்தவள் எழுந்துவிட்டாள். "என்ர மனுசன் உங்கட வீட்டுக்கு வரேல்லை. சத்தியமா வரேல்லை. அவர் வத்தலக்குண்டிலதான் வேலை செய்தவர்."

"நான் ஒம் புருசன்னு சொன்னனா? நீயா ஏன் பதறுற?" என்றாள் மாமியார். கூட்டத்தில் யாரோ 'அதானே' என்றார்கள்.

போலீஸ்காரர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என்னைப் பார்த்து, "பாட்டிம்மா, குடுத்ததுக்கு ரசீது, எழுதுன பேப்பர் எதுனா இருக்கா?" என்று கேட்டார்.

"தருமத்துக்கு யாருய்யா ரசீது போடுவா? கோயில் உண்டியல்ல போட்டா ரசீதா வருது?"

"அப்ப மில்லுல யாரையாச்சும் சொல்லச் சொல்லுங்க."

ஹெச்.ஆர். தம்பிக்குப் போன் போட்டுப் போலீஸ்காரரிடமே கொடுத்தேன். அவர் கேட்டுவிட்டு ம்ம், ம்ம் என்றார். பிறகு என் கையில் திருப்பித் தந்தார். தம்பி என் காதில் சொன்னார், "அம்மா, கம்பெனி அறிவிச்சது துணியும் போர்வையும்தான். பாத்திரம் நீங்களா சேத்தது. கம்பெனி பேர இதுல இழுக்காதீங்கம்மா, ப்ளீஸ்." என்னோடு அண்டாவின் மறு காதைப் பிடித்தவளைப் போனில் கூப்பிட்டேன். "ஒங்களுக்கு ஏன்க்கா அவுக குடும்பத்து வம்பு? அவ வாழ்க்கை போயிரும்க்கா" என்றாள். அவ வாழ்க்கையாம். முக்காலிக்காரியின் வாழ்க்கை யார் கணக்கிலும் வரவில்லை.

கடைசியில் கடைக்காரர்தான் சமரசம் பேசினார். நாலு பேர் வந்து போகிற கடையில் கூட்டம் கூடியது அவருக்குப் பிடிக்கவில்லை. "பொருள்தான் கெடச்சிருச்சே. எடுத்துட்டுப் போங்க. கேஸு கீஸுன்னு எதுக்கு?" மாமியாருக்கும் அது சரியாகப் பட்டது. மருமகளைப் பார்த்த பார்வையில் அவளுக்கு உண்மை தெரியும் என்று எனக்குப் புரிந்தது. வீட்டு மானம் வீட்டோடு இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டாள்.

"போகட்டும், பொழைக்க வந்த சனம். மன்னிச்சு விட்டேன்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

போலீஸ்காரர் முகாம்காரப் பெண்ணிடம், "அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுக் கெளம்பும்மா" என்றார்.

நான் குறுக்கே போனேன். "சொல்லாத. நீ செய்யாத தப்புக்கு ஏன் சொல்லணும்? ஸ்டேசனுக்கே போவோம். நான் கூட வாரேன். எம்புட்டு நேரம் ஆனாலும் நிக்கிறேன்."

அவள் என் கையை மெதுவாக விலக்கினாள். தாழ்ந்த குரலில் பேசினாள். "அம்மா, ஸ்டேசனில பேர் எழுதினா அது முகாமுக்கு வரும். என்ர பிள்ளை காலேஜுக்குப் போறவன். நீங்கள் வீட்டுக்குப் போயிடுவீங்கள். நாங்கள் எங்க போறது?"

பிறகு மாமியாரைப் பார்த்துக் கும்பிட்டாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா. தெரியாமக் கொண்டு வந்திட்டன்."

அந்த வார்த்தையோடு அவள் திருடி ஆகிவிட்டாள். செய்யாததைச் செய்ததாக ஒப்புக்கொண்டு, பேர் கூப்பிடுகிற நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். என்னோடு ஆட்டோவில் வரச் சொன்னேன். வரவில்லை. இரண்டு பேர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மருமகள் பின்னாலேயே போனாள்.

நாலைந்து நாள் கழித்து, காலை ஷிப்டு தொடங்கும் நேரம், மில் கேட்டில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. முகாமுக்குக் கொடுத்த பாத்திரம் அத்தனையும் அதில் இருந்தது. பளபளவென்று விளக்கித் துடைத்து, குடத்துக்குள் சம்படம், சம்படத்துக்குள் டம்ளர் என்று அடுக்கி, எழுத்து வெளியே தெரியும்படி வைத்திருந்தார்கள். கூட யாரும் வரவில்லை. ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "குடுத்தவங்க பேரு இதுலயே இருக்கு, பாத்து எடுத்துக்கச் சொன்னாங்கம்மா" என்றார். அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

யாராவது ஒருத்தியாவது, இதை எடுக்க மாட்டேன், திருப்பிக் கொண்டுபோ என்பாள் என்று நின்றேன். ஒருவரும் சொல்லவில்லை. ஷிப்டு முடிந்து வந்தவர்களும் உள்ளே போகிறவர்களும் சூழ்ந்துகொண்டு எழுத்தைப் பார்த்துப் பொறுக்கினார்கள். ஒரே பேர் வெட்டிய இரண்டு தாம்பாளத்துக்காகச் சண்டைகூட வந்தது.

"எந் தாம்பாளம் அடி கனம்டி, இது தகரம்."

"தகரத்தக் குடுத்தது நீதான? இப்ப மட்டும் கனம் கேக்குதோ?"

அப்போது சின்னாளப்பட்டிக்காரி கேட்டைத் தாண்டி உள்ளே போக வந்தாள். அண்டாவின் மறு காதைப் பிடித்தவளே அவளை நிறுத்திக் கேட்டாள், "ஏய், ஒன் தூக்குவாளி எங்கடி? தேடிப் பாரு, காணோமே."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அண்டாவை அவள் கொடுத்ததை அந்த அறை முழுக்கப் பார்த்திருந்தது. கடையில் வந்து சொல்ல ஒரு வாய் இல்லை, கேலி பேச அத்தனை வாய் இருந்தது. அவளும் லேசாகச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். எனக்குப் பேய்க்கோபம் வந்தது, ஆனால் அந்தச் சிரிப்பின் நடுவில் நின்று என்னத்தைப் பேச? என் குடத்தை நான் எடுக்கவில்லை. கேண்டீனில் யாரோ தண்ணீர் பிடித்து வைக்க எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் சின்னாளப்பட்டிக்காரி என் பக்கம் நகர்ந்து வந்தாள். தொட்டுக்கொள்ள வைத்திருந்த வெஞ்சனக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

"அக்கா, எம்மேல கோவமா? நான் குடுத்தேன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே எங்கத்தை என்னிய எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிரும்க்கா. எம் மகன விடாது. ஒங்களுக்கென்ன, தனி ராசா. எங்களுக்கு அப்புடியா?"

"நீ பயந்தத நான் ஒண்ணும் சொல்லல. குடுக்கலன்னு சொன்ன, சரி. பெயிண்டு அடிச்சவுகள ஏண்டி இழுத்த?"

அவள் தன் சோற்றைப் பிசைந்தாள். பிறகு, "அவுக எப்புடியும் போயிருவாகக்கா. நான் இங்கதான இருக்கணும்?" என்றாள்.

அந்தப் பெண் இந்த ஊருக்கு வந்தபோது சின்னாளப்பட்டிக்காரி பிறந்தே இருக்க மாட்டாள். அதை அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? கிண்ணத்தை அவள் பக்கமே தள்ளிவிட்டு எழுந்தேன். மறுநாளிலிருந்து வட்டத்தில் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறு வருடமும் மில்லில் உதவி சேர்த்தார்கள். "இந்தத் தடவ துணி மட்டும்மா. பாத்திரம் வேணாம்னு நோட்டீஸ்லயே போட்டுட்டோம்" என்றார் ஹெச்.ஆர். தம்பி. என்னை முன்னால் நிற்கச் சொன்னார். வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். பெண்கள் துணி கொண்டுவந்தார்கள். முகாமில் சாக்கு ஒன்று கூடியிருக்கும்.

முகாமுக்கு நான் கடைசியாகப் போனதைச் சொல்ல வேண்டும். பாத்திரங்கள் திரும்பி வந்த அந்த வாரமே போனேன். கையில் எதுவும் எடுத்துக்கொண்டு போகவில்லை. எதைக் கொண்டுபோனாலும் கொடுக்கப் போனதாகிவிடும். அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் அடுப்பில் மண்சட்டி இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, சிரித்து, முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"எல்லாத்தையும் ஏன் திருப்பி அனுப்புன? ஒன்னுதுதான பிரச்சனை ஆச்சு?" என்று கேட்டேன்.

"நான் சொல்லேல்லை அம்மா. எல்லாரும் கூடிப் பேசித்தான் குடுத்தவை. ஒவ்வொரு சட்டியிலயும் வேற ஆளின்ர பேர் கிடக்கு. நாளைக்கு ஆர் வந்து என்ன சொல்லுவினமோ எண்டு பயம். அதை வச்சுக்கொண்டு என்னெண்டு நித்திரை கொள்ளுறது?"

"நான் சொன்ன சொல்லு அங்க எடுபடல" என்றேன். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. அவ்வளவுதான் வாயில் வந்தது.

"தெரியும் அம்மா. நீங்கள் உண்மையைத்தான் சொன்னீங்கள்."

உள்ளே போய்ப் பாலில்லாத தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து தந்தாள். நான் ஒரு வாய் குடித்ததும் அவள் வெங்காயத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, குறை நினைக்காதீங்கோ. நீங்கள் நல்லவ. ஆனா இனி இஞ்ச வராதீங்கோ. நீங்கள் வந்தா நான் எழும்பிச் சிரிக்கோணும், கதிரை போடோணும், தேத்தண்ணி தரோணும். எனக்கு ஏலாமக் கிடக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போனவள் சொல்வதைப் போலச் சொன்னாள். என் வயதுக்கு என்னை யாரும் வராதே என்று சொன்னதில்லை. எழுந்து போய்விடலாம் என்று கால் பரபரத்தது. பாதியில் வைத்துவிட்டு எழுந்தால் கோபித்துக்கொண்டு போனதாகிவிடும், அதற்கும் அவள்தான் வருத்தப்பட வேண்டும். அதனால் சுடச்சுட முழுவதையும் குடித்தேன். டம்ளரைக் கழுவி வைக்கக் குழாயடிப் பக்கம் எழுந்தேன்.

"அங்கயே வையுங்கோ அம்மா," என்றாள்.

வைத்துவிட்டு வந்துவிட்டேன்.